மலாக்காத் தோட்டங்களில் மரத்தூர் அகற்றிய வரலாறு

காட்டை அழித்து விளைநிலமாக்குதல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. கரிகாற் பெருவளத்தான் காடுகளைத் திருத்தி ஊர்களை அமைத்த செயலைப் பட்டினப்பாலை பாராட்டிப் பேசுகின்றது. அங்கே மன்னனுடைய பெயர் நிலைத்தது. கோடரி பிடித்தவர்களின் பெயர்களோ, வெட்டிய மரங்களின் தூர்களைத் தோண்டி எடுத்தவர்களின் பெயர்களோ நமக்குக் கிடைக்கவில்லை. ஈராயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்நிலை பெரிதும் மாறவில்லை என்பதற்கு மலேசியத் தோட்டப்புற வரலாறு சான்றாக நிற்கின்றது. எந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் திறக்கப்பட்டது, எந்தக் குழுமம் எவ்வளவு இலாபம் ஈட்டியது என்பனவெல்லாம் ஏடுகளில் உள்ளன. மண்ணுக்குள் கிடந்த அடிக்கட்டைகள் என்னவாயின, அவற்றை அகற்றியவர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர் மிகச் சிலரே.

மரத்தை வீழ்த்துவது எளிது. தூரை அகற்றுவதே அரிது. நல்ல கோடரியும் வலிய தோளும் இருந்தால் ஒரு மரம் அரைநாளில் சாய்ந்துவிடும். ஆனால் நாலாபுறமும் வேர்களைப் பரப்பி, ஆணிவேரை ஆழத்தில் ஊன்றி நிற்கும் தூரைப் பெயர்ப்பதற்குச் சில வேளைகளில் பல நாள்கள் வேண்டும். இந்தக் கடினமான வேலையைச் செய்யாமல் விட்டதனால் விளைந்த கேடும், செய்து முடித்ததனால் விளைந்த நன்மையும் மலாக்கா மாநிலத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறாகப் பதிந்துள்ளன. இந்நாட்டின் வாணிக முறை ரப்பர்த் தோட்டத் தொழில் தோன்றிய இடமே மலாக்கா ஆதலின், அதனை இங்கிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

மரவள்ளியும் லாலாங்கும்

ரப்பர் வருவதற்கு முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மலாக்காவின் உள்நாட்டுப் பகுதிகளில் சீன முதலாளிகள் மரவள்ளியைப் பேரளவில் பயிரிட்டனர். கிழங்கை மாவாக்கும் ஆலைகளுக்கு நிலமும் வேண்டும், விறகும் வேண்டும். இவ்விரண்டையும் காடே தந்தது. காட்டை வெட்டிச் சுட்டு, தூர்களை அப்படியே விட்டு, அவற்றின் இடையே மரவள்ளித் தண்டுகளை ஊன்றினர். சில போகங்களில் மண் வளம் குன்றியதும் அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை நாடினர்.

கைவிடப்பட்ட நிலத்தை லாலாங் புல் கைப்பற்றியது. கூரிய நுனியுடன் மண்ணடியில் கிழங்குபோல் ஓடும் இப்புல்லைத் தீ அழிக்காது. மேலே எரிந்தாலும் கீழிருந்து மீண்டும் தளிர்க்கும். ஜாசின் லாலாங் என்னும் இடப்பெயரும், அப்பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் அப்புல்லை இன்றும் நினைவூட்டுகின்றன. ஆகவே, பின்னாளில் ரப்பர் நடப்பட்ட மலாக்கா நிலங்கள் யாவும் கன்னிக்காடுகள் அல்ல. முன்பே ஒருமுறை வெட்டப்பட்டு, பழைய தூர்களைத் தன்னுள் வைத்துக்கொண்டு, மேலே புல்லும் புதரும் மண்டிக் கிடந்த நிலங்களும் அவற்றுள் பலவாகும்.

புக்கிட் லிந்தாங்கிலிருந்து புக்கிட் அசகானுக்கு

1876இல் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த ரப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்திற்கு ஊறு நேராமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு வகுத்ததோடு, ரப்பர் பயிரிடுமாறு காண்போரையெல்லாம் தூண்டினார். காப்பித் தோட்டக்காரர்கள் அவருக்குச் செவிசாய்க்கவில்லை. செவிசாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார். மரவள்ளித் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர், 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அதன் வெற்றியைக் கண்டு, குனோங் லேடாங் மலையடிவாரத்தை அடுத்த புக்கிட் அசகானில் பெரும் பரப்பில் தோட்டம் திறந்தார். பின்னர் அது ஆங்கிலேயக் குழுமத்தின் கைக்கு மாறியது.

1905இல் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு இருப்புப் பாதை அமைந்தது. 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் ரப்பரின் விலை 12 சில்லிங்கையும் கடந்தது. அலோர்காஜா, ஜாசின் வட்டாரங்களில் தோட்டங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. கெமுனிங், தெபோங், செர்காம், டைமண்ட் ஜூப்லி ஆகிய பெயர்கள் தமிழ்க் குடும்பங்களின் நாவில் ஊர்ப்பெயர்களாயின. விலை ஏறிய காலத்தில் எவருக்கும் பொறுமை இல்லை. கன்று நட்டுப் பால் காண ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். இந்நிலையில் தூர்களைத் தோண்டுவதற்காக மேலும் ஓராண்டு காத்திருக்க எந்த முதலாளியும் விரும்பவில்லை. மரத்தை வெட்டு, தீ வை, குழி எடு, கன்று நடு என்பதே அன்றைய ஒழுங்கு. தூர்கள் கரிந்த தலையோடு கன்றுகளுக்கிடையே நின்றன.

வெட்டுக்காட்டு வேலை

பெருமரங்களை வீழ்த்தும் வேலை பல இடங்களில் மலாய்க்காரரிடமும் சீனரிடமும் குத்தகையாக விடப்பட்டது. தீ அணைந்தபின் எஞ்சிய நிலத்தைப் பயிருக்கு ஏற்றதாக்கும் வேலை பெரும்பாலும் கங்காணிமார் அழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர் கைக்கு வந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டபின் கங்காணி முறையே ஆள்சேர்க்கும் பெருவழியாயிற்று. சேலம், திருச்சி, தஞ்சை, வடஆர்க்காட்டுச் சிற்றூர்களில் மண்வெட்டி பிடித்துப் பழகிய கைகளே இங்கும் மண்வெட்டியைப் பிடித்தன.

பால்மரம் சீவுதல் ஒரு வேலை; களையெடுத்தல், வடிகால் வெட்டுதல், கட்டை பொறுக்குதல், தூர் தோண்டுதல் முதலியவை வேறு வேலை. இவ்விரண்டாம் வகையைத் தோட்டத் தமிழ் ‘வெட்டுக்காடு’ என்று அழைத்தது. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் பிரித்தபோது, ‘வெட்டுக்காடு’ என்று கங்காணி சொன்னால் அன்றைய நாள் மண்ணோடும் வேரோடும் கழியும் என்று பொருள். பெண்களும் இவ்வேலையில் பெருந்தொகையினராய் இருந்தனர்.

தூர் அகற்றும் முறை எளிய கருவிகளைக் கொண்டது. ஆனால் எளிய முறையன்று. முதலில் தூரைச் சுற்றி அகலமாக மண்ணைத் தோண்டுவர். பக்கவேர்கள் வெளிப்பட்டதும் அவற்றைக் கோடரியால் துண்டிப்பர். பின்னர் ஆணிவேரைச் சுற்றி ஆழப்படுத்தி, கடப்பாறையை நெம்புகோலாக்கிப் பலர் சேர்ந்து சாய்ப்பர். மிகப் பெரிய தூர்களைச் சுற்றி விறகடுக்கிப் பல நாள் கனலவிட்டுக் கரைப்பதும் உண்டு. எடுத்த கட்டைகள் லயன் வீடுகளில் அடுப்பெரிக்கவும், ரப்பர்த் தகடுகளைப் புகையூட்டவும் பயன்பட்டன.

தோட்டத் துரையின் பங்களா முன்னிருந்த புல்தரை இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. அதில் ஒரு தூரும் இராது; கண்ணுக்கு அழகு வேண்டுமென்பதற்காக அத்தனையும் வேரோடு எடுக்கப்பட்டிருக்கும். அதே மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும் மலைச்சரிவுகளில், செலவு கருதி விடப்பட்ட தூர்கள் ஆயிரக்கணக்கில் நின்றிருக்கும். அழகுக்காகச் செய்ய முடிந்ததைப் பயிர் நலத்திற்காகச் செய்யவில்லை. அதற்கான விலையைக் காலம் பின்னர் வாங்கிக்கொண்டது.

மண்ணுக்குள் வாழ்ந்த பகை

முதலில் தென்பட்ட பகை கறையான். புதையுண்ட கட்டைகளில் பெருகிய ஒருவகைக் கறையான், அங்கிருந்து உயிருள்ள ரப்பர் மரத்தின் வேரைத் துளைத்து உள்ளே புகுந்து குடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தோட்டக்காரர்கள் பெரிதும் அஞ்சியது இதற்கே. ஆனால் அதனினும் கொடிய பகை ஒன்று ஓசையின்றி வேலை செய்தது. 1904இல் ரிட்லி, சிங்கப்பூர்ப் பூங்காவில் ரப்பர் மர வேர்களைத் தாக்கிய பூஞ்சையொன்றைப் பதிவு செய்தார். வெள்ளை வேர் நோய் என்று இன்று வழங்கும் நோயின் தொடக்கப் பதிவு அதுவே. இலங்கையில் பேராதனையில் பணியாற்றிய தாமஸ் பெட்ச், 1911இல் வெளியிட்ட நூலில் ரப்பர் நோய்களை விரிவாக ஆராய்ந்தார்.

இந்நோயின் இயல்பை அறிந்தால்தான் தூரின் வரலாறு விளங்கும். வெட்டப்பட்ட தூர் செத்துப்போன மரக்கட்டை என்று கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் அது பூஞ்சைக்கு நெடுநாள் உணவுக் களஞ்சியம். காற்றில் வரும் நுண்வித்துகள் புதிதாக வெட்டிய பரப்பில் விழுந்து முளைக்கின்றன. அல்லது மரம் நின்றபோதே வேரிலிருந்த பூஞ்சை, மரம் மடிந்தபின் அதைத் தன் இருப்பிடமாக்கிக் கொள்கின்றது. அங்கிருந்து வெண்ணிற நூற்கயிறுகள் வேர்களின்மேல் படர்ந்து செல்கின்றன. புதிய கன்றின் வேர் வளர்ந்து பழைய தூரின் வேரைத் தொடும் இடத்தில் அவை மாறி ஏறுகின்றன. பெரிய தூராயின் பல ஆண்டுகள் வரை இவ்வாறு நோய் வழங்கிக்கொண்டே இருக்கும்.

மரமோ நெடுநாள் வரை எதையும் காட்டுவதில்லை. இலைகள் பொலிவிழந்து மஞ்சளாகும் வேளையில் வேர்களில் பெரும்பகுதி அழுகியிருக்கும். அடிமரத்தில் செம்மஞ்சள் நிறக் காளான் தட்டுகள் தோன்றினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஒரு மரம் சாய, அதன் தூரிலிருந்து அடுத்த மரம் நோய் பெற, நட்ட நிரைகளுக்கு நடுவே வட்ட வட்டமான வெற்றிடங்கள் உண்டாயின. வள்ளுவர் முள்மரத்தை இளமையிலேயே களைய வேண்டும் என்றது பகையைக் குறித்து. அவ்வுரை தோட்ட மண்ணுக்கும் முற்றும் பொருந்தியது.

நோய் கண்டபின் செய்த வேலை, முதலில் செய்யாமல் விட்ட வேலையைக் காட்டிலும் கடினமானது. நோயுற்ற பகுதியைச் சுற்றி ஆழமாக அகழி வெட்டி, அப்பகுதியைத் தனிமைப்படுத்த வேண்டும். உள்ளே கிடந்த வேர்த்துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து எரிக்க வேண்டும். வளர்ந்த மரங்களுக்கிடையே குனிந்து நின்று இதனைச் செய்தவரும் அதே வெட்டுக்காட்டு மக்களே. தொடக்கத்தில் மிச்சப்படுத்திய கூலி, பின்னாளில் பன்மடங்கு உழைப்பாய்த் திரும்பி வந்தது.

ஆராய்ச்சியும் அனுபவமும்

1925இல் சட்டப்படி அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இத்துறையில் அரும்பணி ஆற்றியது. 1930களில் அங்குப் பணியாற்றிய நேப்பர் என்னும் நோயியலார், நிலம் முழுவதையும் தோண்டிப் புரட்டுவதற்கு மாற்றாக ஒரு வழியைக் கூறினார். இளமரங்களின் கழுத்துப் பகுதியில் மண்ணை விலக்கி வேரைக் குறித்த கால இடைவெளியில் பார்க்க வேண்டும். வெண்ணூல் தென்பட்டால் அதைப் பின்தொடர்ந்து சென்று நோய் எந்தத் தூரிலிருந்து வருகின்றதோ அந்தத் தூரை அகற்ற வேண்டும் என்பதே அதன் சாரம். மரத்தைக் குறை கூறாது, மூலத்தைத் தேடுக என்பது இம்முறையின் நெறி. 1936இல் வெளிவந்த ஷார்ப்பிள்சின் ரப்பர் நோய் நூலும் இத்துறை அறிவைத் தொகுத்துத் தந்தது.

நூல் எழுதியவர்கள் இவர்கள். மண்ணை விலக்கி வெண்ணூலைக் கண்டுபிடித்தவை தொழிலாளரின் விரல்கள். எழுதப்படிக்கத் தெரியாத ஒருவர் இலையின் சோர்வைப் பார்த்தே வேரின் நிலையை உணர்ந்தது ஏட்டறிவுக்குக் குறைந்ததன்று. ஆயினும் அவ்வறிவைக் கேட்டு எழுதி வைத்தவர் அரியர்.

மறுநடவும் நஞ்சும்

1942 முதல் 1945 வரை நடந்த சப்பானிய ஆட்சியில் பல இடங்களில் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு உணவுப் பயிர்கள் இடப்பட்டன. மலாக்கா இருப்புப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. தோட்டத் தமிழர் பல்லாயிரவரும் அங்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். போருக்குப்பின் எஞ்சியவை முதிர்ந்த மரங்கள். 1952இல் மறுநடவு நிதிக்கான சட்டம் வந்தது. ஏற்றுமதி ரப்பரின்மேல் விதித்த வரியைக் கொண்டு, பழைய விதைமரங்களுக்கு மாற்றாக அதிகப் பால் தரும் ஒட்டுக்கன்றுகளை நடுவதற்கு உதவி வழங்கப்பட்டது. முதல் நடவில் காட்டு மரத்தூர் பகையாய் இருந்தது. இரண்டாம் நடவில் பழைய ரப்பர் மரத்தின் தூரே பகையாயிற்று.

இம்முறை தூரை எடுக்க மண்வெட்டிக்குப் பதில் நஞ்சு வந்தது. நிற்கும் மரத்தின் பட்டையைச் சீவி, சோடியம் ஆர்சனைட்டு என்னும் பாடாணக் கரைசலைப் பூசினர். மரம் விரைந்து மடிந்து, நோய்ப் பூஞ்சைக்கு முன்பாகவே தீமையற்ற பிற பூஞ்சைகளால் மக்கிப்போகும் என்பது நோக்கம். பின்னர் 2,4,5-டி என்னும் மருந்தை டீசல் எண்ணெயில் கலந்து தடவினர். வெட்டிய தூரின் மேற்பரப்பில் நுண்வித்து முளைக்காதிருக்கக் கிரியோசோட்டு எண்ணெய் பூசப்பட்டது. இம்முறைகள் மரத்திற்குப் பயன்பட்டன. ஆனால் பாடாணம் மனிதர்க்கும் நஞ்சே. 2,4,5-டி மருந்தோ, வியட்நாம் போரில் காடுகளின்மேல் தூவப்பட்ட செம்மஞ்சள் கலவையின் ஒரு பாதியாகும். அதில் கலந்திருந்த டையாக்சின் என்னும் நச்சின் கொடுமையை உலகம் காலந்தாழ்ந்தே உணர்ந்தது. மரத்தின் நோயைப்பற்றி நுணுக்கமாக எழுதிய காலம், வாளியும் தூரிகையும் ஏந்தி நின்றவரின் உடல்நலத்தைப்பற்றி அதே அளவு எழுதவில்லை.

நஞ்சினும் நல்ல துணை ஒன்றும் அக்காலத்தில் வேரூன்றியது. புவேரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய அவரையினப் படர்கொடிகளை நிரைகளுக்கிடையே வளர்த்தனர். இவை நிலத்தை மூடி ஈரத்தைக் காத்தன; தூர்களை விரைந்து மக்கச் செய்தன; மண்ணுக்கு நைட்ரசன் சத்தையும் சேர்த்தன. முன்னர் புல் ஒன்று கூட இல்லாமல் சுரண்டிக் களையெடுத்து மேல்மண்ணை மழைக்குப் பறிகொடுத்த பழைய முறைக்கு இது நல்ல மாற்றாயிற்று.

எந்திரம் வந்தபின்

1960களிலிருந்து மண்வாரி எந்திரங்கள் பெருகின. மரத்தை வெட்டித் தூரைத் தோண்டும் இரு வேலைகளையும் எந்திரம் ஒன்றாக்கியது. மரத்தை வேரோடு தள்ளிச் சாய்த்தது. பலர் பல நாள் செய்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது. உடலை முறிக்கும் உழைப்பு நீங்கியது மகிழத்தக்கதே. ஆனால் உழைப்போடு உழைப்பாளரும் நீக்கப்பட்டனர். தோட்டத் துண்டாடல் பலரை லயன்களிலிருந்து வெளியேற்றியது. அதனைக் கண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1969இல் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதி முறையால், குடியுரிமை பெறாத பல்லாயிரவர் தமிழகம் திரும்ப நேர்ந்தது.

பின்னர் ரப்பர் நிலங்கள் பல செம்பனை நிலங்களாயின. அங்கும் தூரே பகை. பழைய தென்னந்தூர்களையும் பனந்தூர்களையும் மண்ணில் விட்டு நட்ட இடங்களில், கானோடெர்மா என்னும் வேறொரு பூஞ்சை செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்தது. மக்கும் தண்டுகளில் காண்டாமிருக வண்டுகள் பெருகின. பயிர் மாறியது, பாடம் மாறவில்லை. ஒருகாலத்தில் விறகாக மட்டும் கருதப்பட்ட ரப்பர் மரம் 1980களிலிருந்து தட்டுமுட்டுப் பொருள்கள் செய்யும் விலைமிக்க பலகையாயிற்று. ஆனால் வேரும் தூரும் எப்போதும் மண்ணிற்கே எஞ்சின.

வீட்டு முற்றத்தில்

இன்று மலாக்காவில் முன்னாள் தோட்ட நிலங்கள் பலவற்றின்மேல் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. லயனில் பிறந்தவர்களின் பிள்ளைகள் அங்கே சிறு முற்றமும் புல்தரையும் கொண்ட வீடுகளில் வாழ்கின்றனர். நட்ட பலாக்கன்று காரணமின்றி வாடினாலோ, புல்தரை ஓரிடத்தில் மட்டும் பள்ளமாய் அமிழ்ந்தாலோ, பழைய வரலாறு அங்கே மண்ணுக்குள் கிடக்கக்கூடும். பலா, மரவள்ளி, கொக்கோ ஆகியவற்றையும் வெள்ளை வேர் நோய் தாக்கும்.

முற்றத்துத் தூரை அகற்ற முன்னோர் செய்த முறையே இன்றும் ஏற்றது. சுற்றிலும் தோண்டிப் பக்கவேர்களை அறுத்து, ஆணிவேரைத் துண்டித்து, வேர்த்துண்டுகளைப் பொறுக்கி எடுத்தபின் நல்ல மண்ணிட்டு நிரப்ப வேண்டும். மண் அமிழும் என்பதால் சிறிது மேடாகவே நிரப்புதல் நலம். தூர் மிகப் பெரிதாயின் தரைமட்டத்திற்குக் கீழே வெட்டி, ஈரமும் மண்ணும் காத்து மக்கவிடலாம். அது முற்றிலும் மக்கும் வரை அதனருகே பழமரம் நடலாகாது. தீ மூட்டுவதும், அறியாத நஞ்சை ஊற்றுவதும் அண்டை வீட்டார்க்கும் ஊறு செய்வன. மேலே மண்ணைத் தூவிப் புல் பதித்து மறைத்துவிடுதல் எல்லாவற்றினும் தீது.

முடிவுரை

மலாக்காத் தூர்களின் வரலாறு உணர்த்துவது யாது? ஒரு தலைமுறை தன் செலவைக் குறைக்க மண்ணில் விட்டதை அடுத்த நடவு தன் வேரால் தொட்டுத் துன்புற்றது. அத்துன்பத்தைத் தீர்க்கக் குனிந்தவர்கள், இலாபத்தில் பங்கு பெறாத மக்கள். இவ்விரண்டும் சேர்ந்ததே தோட்டப்புற வரலாறு.

அம்மக்களுள் எஞ்சியுள்ளோர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். வெட்டுக்காடு, பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால் முதலிய சொற்கள் அவர்களின் வாழ்வில் முளைத்தவை. அச்சொற்களின் பொருளை அகராதிகளில் தேடுவதினும் அவர்களிடம் கேட்டறிவதே சிறந்தது. மலாக்காத் தமிழ்ப்பள்ளிகளில் பல இன்றும் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்னும் பெயரைத் தாங்குகின்றன. தோட்டமே இல்லாத இடத்திலும் அப்பெயர் நிற்கின்றது. அப்பள்ளிகளின் ஆசிரியர்கள், மாணவர் ஒவ்வொருவரையும் தம் பாட்டனார் பாட்டியாரிடம் சென்று, எந்தக் காட்டைத் திருத்தினர், எந்தக் கருவியைப் பிடித்தனர், என்ன கூலி பெற்றனர் என்று கேட்டு ஒரு பக்கமேனும் எழுதி வரச் செய்யலாம். அவ்வேடுகளைப் பள்ளி நூலகத்தில் ஆண்டுதோறும் தொகுத்து வைக்கலாம். கரிகாலன் காலத்தில் விடுபட்டுப்போன பெயர்களை இனி எவராலும் மீட்க இயலாது. மலாக்காவில் மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்களை மீட்க இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.